பஸ்ஸில் முடிந்த படம்

கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்க அதையே தேடுகிற வயதுக்கு நாம் எல்லோரும் வந்துவிட்டோம். அதனால் வெட்கமில்லாமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயது வரைக்கும் எனக்கு ஒரு சினிமாவின் முடிவுகூடத் தெரியாது. படம் பார்க்காமல் இல்லை. நிறையப் பார்த்தேன். முடிவைத்தான் பார்த்ததில்லை.

காரணம் பஸ். எங்கள் ஊர் ஆந்திராவில், கார்வேட்டிநகரத்தைத் தாண்டி மாந்தோப்புகளுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும் முப்பது வீடு. சினிமாவுக்குப் புத்தூர் போக வேண்டும். புத்தூரிலிருந்து எங்கள் ஊருக்குள் வரும் கடைசி பஸ் ஐந்து பத்துக்குக் கிளம்பிவிடும். மூன்று மணி ஆட்டமோ, விளம்பரம் இடைவேளை எல்லாம் சேர்ந்து ஐந்தரைக்கு முன்னால் முடியாது. ஆகவே ஐந்து மணி அடித்ததும் பெஞ்சு டிக்கெட்டில் எங்கள் ஊர் ஜனம் மொத்தமாக எழுந்திருக்கும். திரையில் கதாநாயகன் கழுத்தில் கத்தி இருந்தாலும் சரி, கதாநாயகிக்குத் தாலி ஏறிக்கொண்டிருந்தாலும் சரி, செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டு வரிசையாக வெளியேறுவோம். "அஞ்சு பத்து பார்ட்டி கெளம்பிடுச்சு டோய்" என்று வாசலில் டிக்கெட் கிழிப்பவர் உரக்கச் சொல்வார். பின்வரிசையில் சிரிப்பார்கள். எங்களுக்கு ரோஷமே வந்ததில்லை.

ஏனென்றால் படம் எங்களுக்கு பஸ்ஸில்தான் முடியும். பஸ் கிளம்பியதும் யாராவது ஆரம்பிப்பார்கள். அவன் செத்திருப்பான், இல்லை ஜெயிலுக்குப் போயிருப்பான், அவள் இவனைத்தான் கட்டியிருப்பாள் என்று கார்வேட்டிநகரம் வரைக்கும் வாதம் நடக்கும். கண்டக்டரும் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கட்சியில் சேர்ந்துகொள்வார். ஊர் எல்லை வருவதற்குள் ஒரு முடிவு ஏற்பட்டுவிடும். அதன் பிறகு அதுதான் அந்தப் படத்தின் முடிவு. வேறு முடிவு இருக்கலாம் என்று ஒருவரும் நினைத்ததில்லை.

இந்த வாதத்தில் கடைசி வார்த்தை எப்போதும் என் அத்தையுடையது. நைனாவின், அதாவது என் அப்பாவின், அக்கா. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, குரல் மட்டும் உண்டு. என் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது எனக்கு ஆறு வயது. அன்று எங்கள் வீட்டுக்கு வந்த அத்தை அப்படியே தங்கிவிட்டாள். அந்தக் காலத்தில்தானே திடீரென்று எல்லாக் கதவும் திறந்துகொண்டது! சித்தூர்ப் பக்கம் மாம்பழக் கூழ் தொழிற்சாலைகள் வந்தன, புத்தூரில் எஸ்.டி.டி. பூத் வந்தது, கூலிக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் ஜனத்துக்குப் பாஸ்போர்ட் வந்தது. நைனாவுக்குக் கையகல நிலம் இருந்தது; தண்ணீர் இல்லை. போர் போட வேண்டும் என்றுதான் அம்மா போனாள்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊருக்கு யாராவது வந்தால் கேசட்டில் பேசிக் கொடுத்து அனுப்புவாள். "கண்ணு, நல்லா கீறியா? வேளைக்குத் துன்றியா? அத்தை சொன்ன பேச்சு கேளு" என்று அதில் ஆரம்பிப்பாள். பின்னால் எங்கோ ஏசி உறுமும். மூன்று வருஷத்தில் நான்கு கேசட். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துவிட்டது. குரல் மட்டும் என்னிடம் இருந்தது. அத்தைக்குத் தெரியாமல் டேப் ரிக்கார்டரில் காதை வைத்துக்கொண்டு கேட்பேன். காது சூடாகிவிடும்.

எனக்கு ஒன்பது வயதான அந்தக் கோடையில் புத்தூருக்கு அந்தப் படம் வந்தது. வெள்ளைக்காரர்கள் தெலுங்கில் பேசிய படம். போஸ்டரில் ஒரு கை மட்டும் இருந்தது, தோல் உரிந்த கை. படத்தின் பெயரை நாங்கள் யாரும் சொன்னதேயில்லை. 'வெள்ளைக்கோட்டுப் படம்' என்றுதான் எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர்.

கதை இதுதான். ஏதோ ஒரு காய்ச்சல் வந்து உலகமே செத்துப்போகிறது. செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். பிழைத்த கொஞ்சம் பேர் மலையடியில் ஓர் ஊருக்குள் அடைந்துகொண்டு, ஊரைச் சுற்றி வெள்ளைப் பொடியால் ஒரு கோடு போடுகிறார்கள். செத்தவர்களால் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. அவர்கள் பார்ப்பதற்கு நம்மைப் போலவே இருப்பார்கள். அதுதான் பயங்கரம். கண்டுபிடிக்க மூன்று அடையாளம்: உடம்பு வெளுத்திருக்கும், உள்ளங்கை உரிந்திருக்கும், நமக்குப் பிரியமானவர்களின் குரலில் நம்மைக் கூப்பிடுவார்கள்.

கோட்டுக்குள்ளே ஒரு சிறுமி இருக்கிறாள். அவளுடைய அம்மா மருந்து கொண்டுவருகிறேன் என்று வெளியே போனவள் திரும்பவில்லை. ரொம்ப நாள் கழித்து ஒரு பட்டப்பகலில் அவள் கோட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறாள். வெளுத்திருக்கிறாள். கை உரிந்திருக்கிறது. மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். சிறுமி ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்துக் கோட்டுக்குப் பக்கத்தில் வருகிறாள்.

அப்போது மணி ஐந்து. அத்தை என் கையைப் பிடித்து இழுத்தாள்.

நான் வர மாட்டேன் என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அத்தை முதுகில் ஒன்று வைத்தாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கதவுத் திரை விழுகிற வரைக்கும் அந்தச் சிறுமியின் கால் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது.

பஸ்ஸில் அன்றைக்கு இரண்டு கட்சி. கண்டக்டர், "ஏமி இருந்தாலும் பெத்த தாயி இல்லையா? போய்க் கட்டிகினு இருக்கும்" என்றார். பாதி பஸ் தலையாட்டியது.

அத்தை முன் சீட்டிலிருந்து திரும்பினாள். "இன்னா பேசற நீ? கை உரிஞ்சு கீது, பாக்கல? அவ செத்துப்போனவதான். அந்தப் பொண்ணு கெட்டிக்காரி. தாண்டி இருக்க மாட்டா. தாண்டி இருந்தா ஊரே போயிருக்கும்."

அவ்வளவுதான். படம் முடிந்தது. கண்டக்டர் விசில் அடித்தார்.

அந்தக் கோடை முழுக்க எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு வேறு விளையாட்டே இல்லை. கில்லி, கோலி எல்லாம் ஒரே வாரத்தில் காணாமல் போயின. யார் வெயிலில் போகாமல் கொஞ்சம் வெளுத்திருந்தாலும் பின்னால் ஒரு கூட்டம் நடக்கும். "கையக் காட்டு, கையக் காட்டு" என்று பெரியவர்களிடம்கூடக் கேட்டோம். மாங்காய்ப் பால் பட்டுக் கை வெந்துபோன ஓர் ஆளை நாங்கள் மூன்று தெரு விரட்டினோம். அவர் சிரித்துக்கொண்டேதான் ஓடினார். தோப்பில் மாங்காய் பொறுக்கும் பெண்கள், தாமதமாக வருகிறவளைப் பார்த்து "கோட்டத் தாண்டி வராத" என்று கேலி பேசினார்கள். திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரைக்கு அத்தை என்னைக் கூட்டிப்போனாள். அங்கே வெள்ளை நாமக்கட்டி பூசி வேஷம் போட்ட வாலிபர்கள் சிலர் அந்தப் படத்துச் செத்தவர்கள் மாதிரியே கையை விறைத்துக்கொண்டு நடந்தார்கள். கூட்டம் கைதட்டியது. நான் மட்டும் அத்தையின் முந்தானைக்குள் போய்விட்டேன். கங்கம்மாவுக்குக் கோபம் வருமோ என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு அவளும் சிரித்தாள்.

கோடு போட எங்களுக்குப் பொடிக்குப் பஞ்சமில்லை. கோடையில் காலரா வந்துவிடும் என்று பஞ்சாயத்தில் பிளீச்சிங் பவுடர் மூட்டை இறக்கிப் பள்ளிக்கூட வராந்தாவில் வைத்திருந்தார்கள். மூட்டையில் எலி போட்ட ஓட்டை ஒன்று இருந்தது. அதை நாங்கள் பெரிதாக்கினோம்.

மாங்காய் உச்சத்தில் இருந்தபோது ஒரு முற்பகலில் வாடகைக் கார் ஒன்று ஊருக்குள் வந்தது. அம்மா இறங்கினாள்.

ஊரே கூடிவிட்டது. புலிப்படம் போட்ட போர்வை, தண்ணீரில் கரைக்கிற ஆரஞ்சுப் பொடி டப்பா, ஒரு டார்ச் லைட், தைலம், செண்டு என்று ஒவ்வொன்றாகக் கை மாறிக்கொண்டிருந்தது. அந்தப் புலிப் போர்வை இப்போது எங்கே போனதென்று தெரியவில்லை. யாரும் இந்தப் பொருட்களுக்கு மேலே நிமிர்ந்து அம்மாவைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். வெளுத்திருந்தாள். வெயிலே படாத வெளுப்பு. அத்தை மட்டும் பார்த்துவிட்டு, "ராணி மாதிரி ஆய்ட்டியே மே!" என்றாள். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"கண்ணு, வாடி" என்றாள்.

கேசட்டில் கேட்ட அதே குரல். பிரியமானவர்களின் குரல். நான் கதவுக்குப் பின்னால் போனேன். அம்மா கையை நீட்டினாள். உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்து, விரல் இடுக்கெல்லாம் சிவந்து வெடித்திருந்தது.

நான் போட்ட அலறலில் கார் டிரைவர்கூட எட்டிப் பார்த்தார்.

இப்போது யோசித்தால் உடம்பு கூசுகிறது. முப்பது வீட்டு ஜனம் அந்தக் கையைப் பார்த்தது. இது ஏன் இப்படி என்று ஒருவர் கேட்கவில்லை. "ஏசி ரூமுல குந்திகினு இருந்தா இப்பிடித்தான் உரியும்" என்று அத்தை அதற்கும் தீர்ப்புச் சொன்னாள். மூன்று மாடி வீட்டின் தரையையும் கக்கூசையும் நாள் முழுக்க மருந்துத் தண்ணீரில் கழுவிய கை அது. எனக்கே அது விளங்கப் பல வருஷம் ஆனது. எல்லோரும் அம்மாவை அதிர்ஷ்டக்காரி என்று நினைத்தார்கள். நான் செத்துப்போனவள் என்று நினைத்தேன். இரண்டில் எது மோசம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அம்மா இரண்டு மாத லீவில் வந்திருந்தாள். திரும்பிப் போவதா, இங்கேயே இருந்துவிடுவதா என்று அவள் முடிவு செய்யவில்லை. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நைனா போர் போட்டுவிட்டார். தண்ணீரும் கொஞ்சம் வந்திருந்தது. "இருந்துட்டாத்தான் இன்னா?" என்று நைனா ஒரு நாள் மெதுவாகக் கேட்டதை நான் கேட்டேன். "புள்ள என் கிட்டயே வர மாட்டேங்குதே" என்றாள் அம்மா.

நான் கிட்டே போகவில்லைதான். அவள் பிசைந்து வைத்த சோற்றைச் சாப்பிடவில்லை. தலை வாரிவிட வந்தால் ஓடினேன். அவள் கருப்பு டீயைச் சத்தமில்லாமல் குடிப்பதும், தூக்கத்தில் யாருக்கோ பதில் சொல்வது போல ஏதோ பாஷையில் முனகுவதும் எனக்கு மேலும் மேலும் நிச்சயத்தைக் கொடுத்தன. இதற்கெல்லாம் முன்பே எனக்கு ஒன்று தோன்றியிருந்தது. சோதித்துப் பார்க்க வேண்டும்.

அவள் வந்த இரண்டாம் நாளே அதையும் செய்தேன். மத்தியானம் அம்மா கூடத்தில் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தை தோப்புக்குப் போயிருந்தாள். நான் ஒரு டப்பா நிறையப் பிளீச்சிங் பவுடர் கொண்டுவந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, பாயைச் சுற்றிக் கோடு போட்டேன். கோலம் போட வராத கை என்று அத்தை எப்போதும் திட்டுவாள். அன்றைக்கு ஓர் இடத்தில்கூட விட்டுப்போகவில்லை. பிறகு வாசல் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

வாடையில் அம்மாவுக்கு விழிப்பு வந்தது. எழுந்து உட்கார்ந்தாள். கோட்டைப் பார்த்தாள். தலையைத் திருப்பி அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சுற்றிலும் பார்த்தாள்.

தாண்டவில்லை.

காலை மடக்கி, புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு, பாயின் நடுவில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் தூணுக்குப் பின்னால் நூறு வரைக்கும் எண்ணினேன். மறுபடியும் நூறு எண்ணினேன். அத்தை தோப்பிலிருந்து வந்து, "இது இன்னா கூத்து?" என்று துடைப்பத்தால் கோட்டைக் கலைக்கிற வரைக்கும் அம்மா அசையவில்லை. சந்தேகம் தீர்ந்துவிட்டது. பயத்தைவிடத் துக்கம்தான் அதிகமாக இருந்தது, அது நன்றாக நினைவிருக்கிறது. அம்மா எங்கேயோ தூரதேசத்தில் செத்துப்போய்விட்டாள். அதைச் சொல்லி அழக்கூட எனக்கு ஆள் இல்லை.

லீவு முடியப் போகிற சமயம் நைனா என்னைக் கூப்பிட்டார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. வாசலில் உட்கார்ந்து என்னை மடியில் இழுத்துக்கொண்டார். அம்மா உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் நின்றது.

"பாப்பா, அம்மா இங்கியே இருக்கட்டுமா? இல்ல, போகட்டுமா? நீ சொல்றதுதான்."

தொண்டை அடைத்தது. அம்மாவின் குரல் வேண்டும் என்று இருந்தது. உள்ளே இருப்பவள் அம்மா இல்லையே என்றும் இருந்தது. தாண்டியிருந்தால் ஊரே போயிருக்கும் என்று அத்தை சொன்னது காதில் இருந்தது. ஊரை நான்தானே காப்பாற்ற வேண்டும்?

"போகட்டும்" என்றேன்.

உள்ளே முறம் மறுபடியும் தட்டத் தொடங்கியது.

அம்மா போனாள். இரண்டு வருஷம் என்று போனவள் எட்டு வருஷம் இருந்தாள். நடுவில் ஒரே ஒரு முறை வந்து இருபது நாளில் திரும்பிவிட்டாள். அதற்குள் எனக்குப் பேய்ப் பயம் எல்லாம் போய், அவள் என் அம்மாதான் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் வெட்கம் வந்து பேச முடியவில்லை.

பதினெட்டு வயதில் திருப்பதியில் காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு சித்தூர்ப் பெண். சித்தூரில் பஸ்ஸுக்குப் பயந்து யாரும் பாதியில் எழுந்திருப்பதில்லை. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது பேச்சுவாக்கில் அந்தப் படம் வந்தது. நான் பெருமையாக, "அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் தாண்டவே மாட்டா" என்றேன்.

"ஏ, யாரு சொன்னது?" என்று அவள் சிரித்தாள். "காய்ச்சல் எப்பவோ நின்னு போயிருக்கும். வெளிய இருக்கறவங்க எல்லாம் உயிரோட இருக்கறவங்கதான். உள்ள இருக்கறவங்கதான் தெரியாம பயந்துகினு இருப்பாங்க. அந்தப் பொண்ணு கோட்டக் காலால அழிச்சுட்டு ஓடிப் போய் அம்மாவக் கட்டிக்குவா. தியேட்டர்ல எங்கம்மா அழுத அழுகை இருக்கே!"

நான் தட்டை வைத்துவிட்டு அறைக்குப் போனேன். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. இருபது நிமிஷம். அந்த பஸ் இருபது நிமிஷம் தாமதமாகக் கிளம்பியிருந்தால் என் அம்மா எட்டு வருஷம் எங்களோடு இருந்திருப்பாள். அத்தையின் மேல் கோபம் வந்தது. கண்டக்டர் சொன்னதை ஏன் கேட்கவில்லை என்று என் மேலும் வந்தது. அத்தை அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். சண்டை போடக்கூட ஆள் இல்லை.

இதை அம்மாவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல வருஷம் நினைத்தேன். கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தது, நைனா போனார், அம்மா திருப்பதியில் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். தள்ளிக்கொண்டே போயிற்று. போன கோடையில் ஒரு காலையில் என் மகள் போனில் செத்தவர்கள் எழுந்து நடக்கிற ஏதோ ஒரு தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று தோன்றியது. நானும் ஒரு பிடி கீரையை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"எம்மா, நீ மொத தரம் வந்தப்போ, நீ தூங்கும்போது நான் ஒரு கோடு போட்டேனே..."

முடிக்க விடவில்லை. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அத மறப்பனாடி? மொத நாளே நான் பூரானப் பாத்துட்டுக் கத்தினேன் இல்ல. ஊரே சிரிச்சுது. உன் நைனாகூட சிரிச்சாரு. நீ ஒருத்திதான் சிரிக்கல. மறுநாளு முழிச்சுப் பாக்கறேன், பூரான் வராம என்னச் சுத்தி மருந்து போட்டு வச்சிகீற. அம்மாம் சின்ன கையில, ஒரு எடம் உடாம. கால் பட்டா அழிஞ்சுடப் போதேன்னு தாண்டாம குந்திகினே இருந்தேன். பாவி, உங்க அத்தை வந்து பெருக்கிட்டா."

என் மகள் போனிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். நான் கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தேன்.

"அங்க போயி எல்லாருக்கும் சொன்னேன். மாடிப்படிக்குக் கீழ ஒரு ரூம்பு, மூணு பேரு. நானு, ஒரு கேரளாக்காரி, ஒரு சிலோன்காரி. எவளுக்கு ஒடம்பு முடியலன்னாலும், மத்த ரெண்டு பேரும் அவ பாயச் சுத்தி வெரலால கோடு போடுவோம். பொடி இல்ல, ஒண்ணும் இல்ல, வெறும் வெரலு. போட்டா தூக்கம் வரும்."

கீரைக் கட்டை அவிழ்த்துவிட்டு அம்மா என்னைப் பார்த்தாள். "அப்புறம் நைனா கேட்டப்போ நீ 'போகட்டும்'ன பாரு. உள்ள இருந்து கேட்டுகினுதான் இருந்தேன். தொண்டை அடைக்குது உனக்கு. கோடு போட்டுக் காப்பாத்துன புள்ளைக்கு அம்மா வேணான்னா இருக்கும்? குடும்பத்துக்காக மனச அடக்கிகினு சொல்றான்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. அந்தத் தெம்புலதான் போனேன். இல்லன்னா போயிருக்க மாட்டேன்." கையிலிருந்த தண்டை முறத்தில் போட்டாள். "இன்னாத்துக்கு இப்ப அதக் கேட்ட?"

"சும்மாதாம்மா" என்றேன்.

என் வயதுக்காரர்களே, வேறு யாரிடமும் சொல்லாததால் உங்களிடம் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு இன்றைக்கும் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு வந்தால் சாப்பிடுங்கள், அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். இதை மட்டும் யாரும் அவளுக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.